பிஞ்சுக்குடல் பீடத்தின் முன்மாதிரிக் குழந்தை

கல்வராயன் மலையில் இருக்கும் பிஞ்சுக்குடல் பூஞ்சை மேலாண்மைப் பீடத்தின் மீது எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. அங்கே காற்று நன்றாக இருக்கும். தோட்டத்தில் செம்பருத்தியை வரிசையாக வெட்டி அழகாக வைத்திருக்கிறார்கள். வரவேற்பறையில் கேட்காமலேயே வெந்நீர் கொடுப்பார்கள். ஒரு பிள்ளையைச் சாகடிக்கப் பார்த்தார்கள் என்பதைத் தவிர அவர்கள் மேல் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்தப் பிள்ளையின் பெயர் தனுஷா. சங்கராபுரம் பக்கத்தில் கரும்பு போடும் வேடியப்பனுக்கும் அம்சவள்ளிக்கும் ஒரே பெண். இரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறவள், பெரிய வாயாடி. தை மாதத்தில் அவள் வாய்க்குள் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டார்கள், போய்விட்டது. மாசியில் திரும்ப வந்தது, கூடவே ஒன்றுக்குப் போகிற இடத்தில் அரிப்பும் வந்தது. களிம்பு தடவினார்கள், போனது. பங்குனியில் இரண்டும் சேர்ந்து திரும்ப வந்தன. சோற்றை வாயில் வைத்தால் எரிகிறது என்று பிள்ளை அழும். எதிரே உட்கார்ந்து அம்சவள்ளியும் அழுவாள்.

"இன்னா எழவு இது! போவுது போவுதுன்னு பாத்தா வந்துக்கினே கீது" என்றான் வேடியப்பன்.

எப்படிப் போக்குவது என்று எல்லாரும் கேட்டார்களே தவிர, ஏன் வந்துகொண்டே இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எப்படிப் போக்குவது என்பதற்கு அம்சவள்ளியின் போனிலேயே பதில் வந்து விழுந்தது. வெள்ளை ஜிப்பா போட்ட ஒருவர் மலை உச்சியில் நின்றுகொண்டு, 'உங்கள் குழந்தையின் வயிற்றில் குடியிருப்பது யார்?' என்று கேட்டார். அவர்தான் பீடத்தின் தலைமைக் குடல் ஆலோசகர், டாக்டர் காசிநாதன். வாயில் வெள்ளை, அடியில் அரிப்பு, பிடிவாதம், தாமதமாகத் தூங்குவது, கணக்கில் மார்க் கம்மி, எல்லாவற்றுக்கும் காரணம் குடலில் பெருகிவிட்ட பூஞ்சை என்றார். தனுஷாவுக்குக் கணக்கு வராது. அம்சவள்ளிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"நம்ம புள்ளைய நேர்ல பாத்த மாதிரியே சொல்றாருய்யா அந்த மனுசன்!"

சித்திரையில் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினார்கள்.

வாசலில் ஜீவா என்கிற பெண் நின்றிருந்தாள். பீடத்தில் அவளுக்குப் பதவி 'மூத்த குடல் தோழி'. பெயர், ஊர் கேட்டாள். என்ன தொழில் என்று கேட்டாள். "கரும்புங்க" என்றான் வேடியப்பன். ஜீவாவின் முகம் மாறிப்போனது. மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். யாரையோ கூப்பிட்டாள். வேப்பிலைத் தண்ணீர் வந்தது. வேடியப்பன் முழங்கைவரை கழுவினான். சட்டையைக் கழற்றி ஒரு பையில் போட்டுக் கட்டினார்கள். அவனுக்கென்று தனியாக ஒரு பெஞ்சு. மற்ற பெற்றோர்கள் அவனைப் பார்த்துப் பிள்ளைகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்கள்.

காசிநாதன் வந்தார். கண்ணை மூடி, கொஞ்ச நேரம் நின்று, பிறகு பேசினார்.

"பூஞ்சைக்குச் சோறு போடுவது சர்க்கரை. சர்க்கரைக்குத் தாய் கரும்பு. அந்தக் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவது யார்?"

தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்த வேடியப்பன் எழுந்து நின்றான். "போருதாங்க. மோட்டாருதான் ரிப்பேராயி கெடக்குது."

யாரும் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் சிரிப்பதற்குத் தனி நேரம் ஒதுக்கியிருந்தார்கள்.

அடுத்து உறுதிமொழி. பெற்றோர்கள் வலக்கையைத் தங்கள் வயிற்றில் வைத்துக்கொண்டு ஜீவா சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்கள். "இட்லியைத் தொட மாட்டேன். தோசையை நினைக்க மாட்டேன். புளித்த மாவு பொங்கும் பாத்திரம் பூஞ்சையின் கோயில் என்பதை அறிவேன். என் குழந்தையின் உடலில் ஊசி நுழைய விட மாட்டேன், ஏனெனில் ஊசித் துளை பூஞ்சையின் வாசற்படி." சுவரில் பெரிய எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: பாதியில் போனால் பூஞ்சை இரட்டிப்பாகத் திரும்பும்.

"ஒரு சந்தேகங்க. ரத்தம் கித்தம் டெஸ்ட் எடுப்பீங்களாங்க?" என்று வேடியப்பன் கேட்டான்.

காசிநாதன் அவன் தோளைத் தொடவில்லை, தொடுகிற மாதிரி கையைக் கொண்டுபோனார். "ரத்தம் பொய் சொல்லும் தம்பி. நாக்கு பொய் சொல்லாது."

அங்கே காலையில் முதல் வேலையே நாக்கு தரிசனம்தான். முப்பது நாற்பது பிள்ளைகள் கூடத்தில் வரிசையாக நின்று நாக்கை நீட்டுவார்கள். காசிநாதன் கையில் டார்ச்சோடு போய் ஒவ்வொரு நாக்கின் முன்னாலும் நின்று, "வெண்மை", "இளவெண்மை", "தேறுகிறது" என்பார். தோழிகள் அதைத் திருப்பிச் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு வேகவைத்த சுரைக்காயும் வேப்பம்பூ கஷாயமும் கொடுத்தார்கள். அரிசி கிடையாது, பழம் கிடையாது, பால் கிடையாது. பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெற்றோர் வந்து பார்க்கலாம்.

முதல் ஞாயிறு போனபோது தனுஷா தண்ணீர்க் குடத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு சொம்பு குடித்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சொம்பு குடித்தாள். அவள் குடிக்கும்போதெல்லாம் ஜீவா ஒரு சின்ன மணியை அடித்தாள்.

"எதுக்குங்க மணி?" என்றாள் அம்சவள்ளி.

"தாகங்கறது பூஞ்சையோட மரண ஓலம்மா. உங்க பாப்பாவுக்குத்தான் இங்க ஜாஸ்தி மணி."

"ராத்திரி படுக்கையில ஒன்னுக்குப் போயிடறேம்மா" என்று தனுஷா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். மூன்று வயதிலேயே விட்ட பழக்கம் அது. அம்சவள்ளி வெட்கப்பட்டாள். ஜீவா வெட்கப்படவில்லை. "நச்சு வெளியேறுது" என்று கைகூப்பினாள்.

அடுத்த ஞாயிறு எடை விழா. எடை இறங்கிய பிள்ளைக்குக் கைதட்டல், ஏறிய பிள்ளைக்கு மௌனம். எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்த ஒரு பையன் எதையோ திருடித் தின்று கொஞ்சம் ஏறியிருந்தான். அவனுடைய அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். தனுஷா ஏறி நின்றபோது முள் இறங்கியிருந்த இறக்கத்தைப் பார்த்து கூடமே எழுந்து நின்று தட்டியது. அவள் கன்னத்துச் சதை போய், கண் பெரிதாகி, காது தனியாகத் தெரிந்தது. வேடியப்பனும் தட்டினான். சொல்லப்போனால் அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வந்த நாளிலிருந்து தனி பெஞ்சில் உட்காரவைத்தவர்கள் அன்றைக்குத்தான் அவனுக்குக் கை கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் பிள்ளையின் பாயைச் சுருட்டப் போன அம்சவள்ளி "அய்ய!" என்று கையை உதறினாள். பாயின் அடியில் எறும்பு. குளியலறைப் பக்கம் போய்ப் பார்த்தாள். தண்ணீர் போகிற வழி முழுக்க எறும்பு.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வேடியப்பனின் பெரியப்பாவுக்குச் சர்க்கரை நோய். அவர் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பார்த்துத்தான் அந்த வீட்டில் கண்டுபிடித்தார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியும். எறும்பு என்றால் சர்க்கரை என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆனால் சின்னப் பிள்ளைக்கே சர்க்கரை வரும் என்று மட்டும் எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தோன்றாது. அது நரைத்த தலைக்கு வருகிற நோய். பென்ஷன் மாதிரி வயசானால்தான் வரும் என்று இருக்கிறோம்.

வேடியப்பனுக்கு மட்டும் லேசாக உறுத்தியது. காசிநாதனிடமே போய்க் கேட்டுவிட்டான். "எங்க பெரியப்பாருக்கு சக்கர வந்தப்பகூட இப்டித்தாங்க எறும்பு..."

"உங்கள் பெரியப்பாவுக்கு வயது?"

"அறுவதுக்கு மேலங்க."

"உங்கள் மகளுக்கு?"

"ஏழுங்க."

காசிநாதன் சிரித்தார். அது சிரிப்பு நேரம்தான். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். "நீங்கள் தலைமுறை தலைமுறையாக விளைவித்த சர்க்கரை அந்தப் பிஞ்சுக்குள் சேர்ந்திருந்தது. இப்போது நாம் அதை வெளியேற்றிக்கொண்டிருக்கிறோம். எறும்புக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியவில்லையே தம்பி!"

வேடியப்பனுக்கு அவமானமாகப் போய்விட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சொன்னான்: "எனுக்கு மனசே சரியில்ல வள்ளி. புள்ளைய இட்டுக்கினு வந்துடலாம்."

"பாதியில இட்டுக்கினு வந்து ரெட்டிப்பா வந்துச்சின்னா? வாயி எரியுது எரியுதுன்னு அது அழுவும்போது நீ கயினியில நிப்ப. நான்தான வூட்ல கெடந்து சாவுறேன்!" என்றாள் அம்சவள்ளி.

அந்த வார நடுவிலேயே பீடத்திலிருந்து அழைப்பு வந்தது. வெற்றி விழாவாம். இந்தக் கோடையின் முன்மாதிரிக் குழந்தையாக தனுஷாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். அம்சவள்ளி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள்.

தோட்டத்தில் பந்தல். மேடைக்குப் பின்னால் பெரிய ஃப்ளெக்ஸ். அதில் காசிநாதனோடு சேர்த்து ஆறு பேர் படம், ஆறு பெயருக்கு முன்னாலும் டாக்டர். அந்த ஆறு பேரும் மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். சிறப்பு விருந்தினரின் கார் மலை ஏறி வருகிறது என்றும், அவர் வந்து போகும்வரை யாரும் வெளியே போகக் கூடாது என்றும் சொல்லி கேட்டைப் பூட்டினார்கள்.

தனுஷாவை ஒரு தோழி தூக்கிக்கொண்டு வந்தாள். அம்சவள்ளி கை நீட்டினாள். பிள்ளை தாவவில்லை. உதடு வெடித்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. மூச்சு மட்டும் ஆழமாக, வேகமாக, ஓடி வந்தவள் மாதிரி வாங்கியது.

"இன்னாங்க இது, புள்ள இப்டி மூச்சு வாங்குது?" என்றான் வேடியப்பன்.

காசிநாதனே மேடையிலிருந்து இறங்கி வந்தார். மைக் கையிலேயே இருந்தது. "கேளுங்கள், எல்லோரும் கேளுங்கள். இது பிராணாயாமம்! யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பூஞ்சை நீங்கிய உடலுக்குத் தானாகவே வருகிறது!" கைதட்டல் எழுந்தது. அவர் குனிந்து பிள்ளையின் மூச்சை முகர்ந்தார். கண்ணை மூடினார். "அழுகிய பழ வாசனை. நேற்றிலிருந்து வருகிறது. பூஞ்சை கூட்டம் கூட்டமாகச் சாகும்போது வருகிற வாசனை இது. பெற்றோர்கள் வரிசையாக வந்து முகர்ந்து பார்க்கலாம்."

வரிசை நின்றது. நான் கதை கட்டவில்லை, நிஜமாகவே நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து, முகர்ந்து, "ஆமாங்க, பழ வாசனைதான்" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு அம்மா தன் பையனிடம், "அக்காவப் பாரு, ஒனக்கு எப்பதான் இந்த வாசன வருமோ" என்று திட்டினாள்.

நடுவில் தனுஷா வாந்தி எடுத்தாள். ஜீவா எங்கிருந்தோ ஒரு கண்ணாடிப் பாட்டிலோடு ஓடி வந்தாள். "கடைசிப் பூஞ்சைம்மா. காட்சிக்கு வைப்போம்."

"வேணாம். நான் புள்ளைய எடுத்துக்கினு போறேன்" என்றான் வேடியப்பன்.

"அதுக்கு ஒரு முறை இருக்கு அண்ணே. நாக்குக் குழு பாக்கணும், வெளியேற்ற மணி அடிக்கணும், அப்புறம்தான் கேட்டு தொறக்கும். இப்ப சீஃப் கெஸ்ட் வேற வர்றாரு."

நாக்குக் குழு என்பது மேடையில் இருந்த அந்த ஆறு பேர்தான். மற்ற ஐந்து பேரும் இறங்கி வந்தார்கள். டார்ச் அடித்தார்கள். வறண்டு ஒட்டிக்கொண்டிருந்த நாக்கைப் பார்த்து, ரோஜா நிறமா, இளம் ரோஜா நிறமா என்று பேசத் தொடங்கினார்கள். இரண்டு பேர் ரோஜா என்றார்கள். ஒருவர் இன்னும் ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாம் என்றார். ஒருவருக்குக் கண்ணாடி காரில் இருந்தது.

அம்சவள்ளி பிள்ளையின் கன்னத்தைத் தட்டினாள். "தனு. தனும்மா." எந்தத் தூக்கத்திலும் "இன்னாம்மா" என்று சிணுங்கிக்கொண்டாவது பதில் சொல்லும் பிள்ளை அது. இன்னொரு தரம் கூப்பிட்டாள். கண் மேலே செருகியது.

அம்சவள்ளி காசிநாதன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"இங்க டாக்டரு யாராவது கீறீங்களா?"

அவள் குரல் மலையில் மோதித் திரும்பி வந்தது. ஆறு டாக்டர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மூக்குக் கண்ணாடி இல்லாத கண்ணைத் துடைத்தார். ஒருவர் தரையைப் பார்த்தார். ஃப்ளெக்ஸில் மட்டும் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, நான் குடல் தத்துவத்தில்தான்..." என்று காசிநாதன் தொடங்கினார்.

"தொறடா கேட்ட!" என்றாள் அம்சவள்ளி, மைக்கிலேயே.

காவலாளி காசிநாதனைப் பார்த்தான். காசிநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். வேடியப்பன் யாரையும் பார்க்கவில்லை. பூட்டோடு சேர்த்து கேட்டை உதைத்தான். மூன்றாவது உதையில் கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்தது. வெளியே மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு போன ஒரு மினி வேன், சிறப்பு விருந்தினரின் காருக்கு வழி விட ஓரமாக நின்றிருந்தது. கிழங்கு மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்து அம்சவள்ளி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். "போங்கண்ணா, போங்க" என்பதைத் தவிர வழியெல்லாம் அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வேடியப்பன் பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தான்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அன்றைக்கு டியூட்டியில் இருந்த டாக்டர் சந்தியா, பிள்ளையைக் கட்டிலில் போடும்போதே வாசனையைப் பிடித்துவிட்டாள். விரலில் ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தம். மீட்டரில் எண்ணே வரவில்லை, அது காட்டக்கூடிய அளவைத் தாண்டியிருந்தது.

"எத்தன நாளா இப்படித் தண்ணி குடிக்கிறா?"

"குடிக்கும்போதெல்லாம் மணி அடிச்சாங்கம்மா" என்றாள் அம்சவள்ளி.

"சர்க்கரைம்மா. குழந்தைங்களுக்கும் வரும். ஒடம்புல சர்க்கரை ஏறிக் கெடந்தா பூஞ்சை வரத்தான் செய்யும். திரும்பத் திரும்ப வருதுன்னா ஏன்னு பாத்திருக்கணும்ல? இன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் விட்டிருந்தீங்கன்னா கொழந்த தங்கியிருக்காது" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் நரம்பைத் தேடினாள்.

வேடியப்பன் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். எடை குறைந்ததற்குக் கைதட்டினேனே, கைதட்டினேனே என்று அதையே சொல்லி அழுதான்.

பிள்ளை பிழைத்தது. ஐசியூவில் ட்ரிப்ஸும் இன்சுலினும் ஏறி, இரண்டாம் நாள் கண் விழித்து, "இன்னாம்மா, பட்டுப்பொடவ கட்டிக்கினு கீற" என்று கேட்டது. இனி தினமும் ஊசி. ஒரு வேளையும் விடக் கூடாது. எப்படிப் போடுவது, மீட்டரில் எப்படிப் பார்ப்பது என்று சந்தியா சொல்லிக்கொடுத்தாள். வாயிலிருந்த வெள்ளை, சொட்டு மருந்துக்கே போய்விட்டது, பிறகு வரவும் இல்லை.

ஆனால் பீடம் சும்மா இருக்குமா? வாட்ஸ்அப்பில் பெற்றோர் குழுவில் காசிநாதனின் குரல் வந்தது. "அந்தக் குழந்தைக்காக வருந்துகிறோம். பாதியில் வெளியேறியதால் ஐசியூவில் சேர நேர்ந்தது. எங்களிடம் இருந்தவரை அவளுக்குச் சர்க்கரை நோய் இருந்ததே இல்லை. இருந்ததென்று ஒரு பரிசோதனை முடிவைக் காட்டட்டும் பார்க்கலாம்! நாங்கள் ஒருமுறைகூடப் பரிசோதித்ததில்லை." கீழே கும்பிடு போட்ட கைகள் வரிசையாக வந்தன. அடுத்த முகாமுக்கு இடம் கிடைக்குமா என்று சிலர் கேட்டிருந்தார்கள்.

அம்சவள்ளி அதை இரண்டு முறை கேட்டாள். வேடியப்பன், "வுடு, நம்ம புள்ள பொழச்சிதே" என்றான். அவள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அவனிடம் விட்டுவிட்டு, மீட்டரையும் விரல் குத்தும் ஊசிகளையும் பையில் போட்டுக்கொண்டு கச்சிராயபாளையம் போனாள். மலைக்குப் போகும் பீடத்து வேன் அங்கேதான் நின்று ஆள் ஏற்றும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் வேனில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஜன்னல் ஜன்னலாகப் போய்ச் சொன்னாள். யாரும் முகம் கொடுக்கவில்லை. "பாதியில இட்டாந்தது இந்தம்மாதான்" என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள். டிரைவர் வண்டியை எடுத்தார்.

அம்சவள்ளி வேனுக்கு முன்னால் போய் நடுரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

டிரைவர் ஹாரன் அடித்தார். திட்டினார். கூட்டம் கூடியது. அவள் அசையவில்லை. "ஒரு சொட்டு ரத்தம்தான். அத பாத்துட்டுப் போங்க, நான் வழிய வுடறேன். நல்லா இருந்தா எனுக்கு சந்தோசம்தான், என்ன நல்லா திட்டிட்டுப் போங்க."

வெகு நேரம் கழித்து ஒரு அம்மா தன் மகனோடு இறங்கினாள். வெள்ளை படிந்த வாயோடு இருந்த அந்தப் பையன் விரலை நீட்டினான். புது ஊசி, ஒரு சொட்டு. மீட்டரில் சரியான அளவுதான் காட்டியது. அம்சவள்ளி அவன் விரலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். "நல்லா கீற சாமி. சக்கர கிக்கர ஒன்னும் இல்ல. வாய்க்கு மருந்து போட்டா போயிடும்" என்றாள். அந்த அம்மாவும் என்ன ஏது என்று தெரியாமல் கூடவே அழுதாள். இன்னொருவர் இறங்கினார். பிறகு இன்னொருவர். ஒவ்வொரு பிள்ளைக்கும் புது ஊசி மாற்றி மாற்றிக் குத்தினாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் சரியாகவே இருந்தது.

திட்டிக்கொண்டே பக்கத்தில் வந்து நின்ற டிரைவர், "இதுல அப்டி இன்னாதான் தெரியுதாம்?" என்று வீறாப்பாகத் தன் விரலையும் நீட்டினார்.

முந்நூற்றுச் சொச்சம் காட்டியது.

டிரைவர் மீட்டரைப் பார்த்தார். அம்சவள்ளியைப் பார்த்தார். வேன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவள் பக்கத்திலேயே நடுரோட்டில் உட்கார்ந்து, "ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்சும்மா போவுது?" என்று கேட்டார்.